முப்பது நாள் நோட்டீஸ் பிறந்த கதை

கிருஷ்ணகிரி அணையின் மதகைத் தூக்குவதற்கு முன்னால் காவேரிப்பட்டினத்துக்குச் சேதி வந்துவிடும். தென்பெண்ணைக் கரையோரம் இருப்பவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம், துணி துவைக்கப் போக வேண்டாம், ஆடு மாடுகளை ஓட்டிப் போக வேண்டாம் என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி சொல்லிக்கொண்டே போகும். விநாடிக்கு எத்தனை கனஅடி என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்த கணக்கு. தண்ணீரின் அளவுக்கு இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. மேலே, ஓசூர்ப் பக்கமோ அதற்கும் மேலே கர்நாடகத்திலோ, ஆற்றங்கரையில் யார் என்ன கட்டப் போகிறார்கள் என்பதைச் சொல்ல எந்த வண்டியும் வராது. அதற்கு வேறொரு முறை இருக்கிறது. செய்தித்தாளில் ஒரு விளம்பரம், 30 நாள் அவகாசம், அப்புறம் கலெக்டர் தலைமையில் ஒரு கூட்டம். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பெயர். இந்தியாவில் அது கட்டாயமாகி முப்பது வருஷத்தை நெருங்குகிறது. அதன் விதிகளில் ஒவ்வொரு வரியும் யாரோ சண்டை போட்டு உள்ளே நுழைத்தது. அல்லது யாரோ சத்தமில்லாமல் வெளியே எடுத்தது.

ஊரைக் கூட்டிச் சொல்வது நம் அரசாங்கங்களுக்குப் பழைய பழக்கம். வரியோ ஏலமோ ஜப்தியோ, தண்டோரா போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஊரைக் கூட்டிக் கேட்பது வெகு தாமதமாக வந்தது. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் பிறந்தபோது அதில் அரசிதழ் அறிவிப்பு இருந்தது, ஊர்ப் பொது இடங்களில் தெரியப்படுத்துவது இருந்தது, நிலக்காரர் ஆட்சேபணை சொல்ல மட்டும் இடமில்லை. 29 வருஷம் கழித்து, 1923இல், 5-ஏ என்றொரு பிரிவைச் செருகினார்கள். 30 நாளுக்குள் ஆட்சேபணை எழுதித் தரலாம், கலெக்டர் கேட்க வேண்டும். அதுவும் அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்குத்தான். பக்கத்து வயல்காரர், அதே நிலத்தடி நீரை நம்பிக் கிணறு வெட்டியவர், தரிசில் மாடு மேய்ப்பவர் எவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பட்டா இல்லாதவருக்கும் ஒரு திட்டத்தால் நட்டம் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள இன்னும் எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்த எண்ணம் உருவானது வட அமெரிக்காவில். 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா கடலோரத்தில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடற்கரை முழுக்கக் கறுத்துப்போனது. அந்தக் கோபத்தின் சூடு ஆறுவதற்குள், 1970 ஜனவரி 1 அன்று, ஜனாதிபதி நிக்சன் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெரிய காரியம் எதையும் செய்யுமுன் அதனால் என்னென்ன கெடும் என்று அரசுத் துறைகள் முதலில் எழுதி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியதை மக்களுக்குக் காட்டு, பொருத்தமான இடத்தில் கூட்டம் போட்டுக் கேள் என்பது இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில் வந்த நிர்வாக ஆணையில்தான் தெளிவானது. தாக்க அறிக்கை முதலில், மக்கள் பிற்பாடு. பிறகு இந்தியாவிலும் இதே வரிசையில்தான் நடந்தது.

ஆனால் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று பார்க்க வேண்டுமானால் கனடாவுக்குப் போக வேண்டும். வட துருவப் பக்கத்திலிருந்து மக்கென்ஸி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு பெரிய திட்டம். 1974இல் தாமஸ் பெர்ஜர் என்ற நீதிபதியை விசாரணைக்குப் போட்டார்கள். அவர் தலைநகரில் உட்கார்ந்து ஆளை வரச் சொல்லவில்லை. விமானத்திலும் படகிலும் 35 குடியிருப்புகளுக்கு அவரே போனார். ஏறக்குறைய ஆயிரம் பேர் பேசினார்கள். வேட்டைக்காரர்கள், பொறி வைப்பவர்கள், கிழவிகள் எல்லாரும் தங்கள் மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளர் கூடவே இருந்தார். அன்றன்றைக்குப் பேசியதை வானொலி அந்தப் பழங்குடி மொழிகளிலேயே ஒலிபரப்பியது. அதனால் ஓர் ஊரில் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுத்த ஊர்க்காரர் பதில் சொல்ல முடிந்தது. கம்பெனிகளின் நிபுணர்களுக்கு எதிரே உட்கார்ந்து வாதாடப் பூர்வகுடி அமைப்புகளுக்கு அரசே பணமும் கொடுத்தது. 1977இல் வந்த அறிக்கை பத்து வருஷத்துக்குக் குழாய் வேண்டாம், முதலில் அந்த மக்களின் நில உரிமையைத் தீர்த்து வையுங்கள் என்றது. குழாய் பதிக்கப்படவில்லை. உலகத்தில் எத்தனையோ விசாரணைகள் நடந்திருக்கின்றன. கேட்கப் போனவர் உண்மையிலேயே கேட்டுவிட்டு வந்தார் என்று சொல்லக்கூடியவை குறைவு.

நம் ஊரில் அதே காலத்தில் நிலைமை வேறு. 1970களின் பின்பகுதியில் அணைத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள்; பார்த்தவர்கள் டெல்லியில் இருந்த நிபுணர்கள். கோப்பு போகும், குறிப்பு வரும், அணைக்கடியில் மூழ்கப்போகிற ஊருக்கு ஒன்றும் தெரியாது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, வேலிக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு உள்ளே என்ன தயாராகிறது என்பதுகூடத் தெரிந்திருக்கவில்லை. அதன் பின்விளைவுதான் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். வினோதம் என்னவென்றால், அந்தச் சட்டத்திலும் ஊரைக் கேட்கும் பேச்சே கிடையாது. மத்திய அரசுக்கு வேண்டிய அதிகாரத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அறிவிக்கைகளுக்கு விட்டுவிட்டார்கள். இன்றைக்கு வரை கருத்துக்கேட்புக் கூட்டம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக இல்லை. அமைச்சகம் போட்ட அறிவிக்கையாகத்தான் நிற்கிறது. அமைச்சகம் போட்டதை அமைச்சகமே திருத்தலாம். இந்தக் கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

1992இல் ரியோ மாநாடு நடந்தது. சுற்றுச்சூழல் விஷயங்களில் சம்பந்தப்பட்ட குடிமக்கள் அனைவரும் பங்கெடுக்க வேண்டும் என்ற பத்தாவது கோட்பாட்டில் இந்தியாவும் சேர்ந்து நின்றது. 1994 ஜனவரி 27 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. 29 வகைத் திட்டங்களுக்கு மத்திய அரசின் அனுமதி கட்டாயம். மக்கள் கூட்டம்? நிபுணர் குழு சிபாரிசு செய்தால் நடத்தலாம் என்ற அளவில் இருந்தது. மே மாதமே ஒரு திருத்தம் வந்து பல இடங்களில் பிடியைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டு, 1995 ஜனவரியில், தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு அனுமதி கிடைத்தது. அன்றைக்கு மக்கள் கூட்டம் கட்டாயம் இல்லை.

கட்டாயமாக்கியது 1997 ஏப்ரல் 10ஆம் தேதித் திருத்தம். பிறந்த தேதி என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால் இதைத்தான் குறிக்க வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது இரண்டு செய்தித்தாள்களில் நோட்டீஸ் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். மேடையில் யார் உட்காருவது என்பதையும் எழுதினார்கள். கலெக்டர், வாரியம், அரசுத் துறைகள்; அவர்களோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர் வரை, கலெக்டர் நியமிக்கும் அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் மூன்று பேர் வரை. மேடையில் ஊர் ஆளுக்கும் ஒரு நாற்காலி போட்ட காலம் அது. ஒன்பது வருஷம்தான் நீடித்தது.

விதி எழுதியவுடன் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியும் தெரிந்துவிடும். ஆலை ஓரிடத்தில், கூட்டம் 100 கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில். நோட்டீஸ் அந்த ஊரில் யாரும் வாங்காத பத்திரிகையில். அறிக்கை ஆங்கிலத்தில், தடித்தடியாக. குஜராத்தில் ஒரு சமூக அமைப்பு இதையெல்லாம் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. கூட்டம் திட்ட இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில், தாலுகா தலைநகரைத் தாண்டாமல் நடக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கம் குஜராத்தியில் கிடைக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் அந்த நீதிமன்றம் சொன்னது. திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடத்த வேண்டும் என்பது பிறகு நாடு முழுவதற்குமான விதியானது.

இப்போது நாம் பார்க்கும் கூட்டத்தின் உருவம் 2006 செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கையில் தீர்மானமானது. அதன் நான்காம் பின்னிணைப்பைப் பொறுமையாகப் படித்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்ததெல்லாம் தெரியும். கொடுத்தது: கலெக்டரோ, அவர் சார்பில் கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் ஊராட்சி அலுவலகம் வரை போய்ச் சேர வேண்டும். வந்தவர் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும். எடுத்தது: மேடையிலிருந்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் ஊர்ப் பெரியவர்களும் காணாமல் போனார்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் தொடங்கலாம் என்ற நிபந்தனையும் கிடையாது. குறைந்தபட்ச வருகை தேவையில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உள்ளூர் நிலவரம் காரணமாக மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும்படி கூட்டம் நடத்த முடியாது என்று அதிகாரிகள் அறிக்கை கொடுத்தால், கூட்டத்தையே விட்டுவிடவும் வழி இருக்கிறது. அதாவது எதிர்ப்பு மிக அதிகமாக இருக்கும் ஊரில்தான் கூட்டம் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். இந்த வரியை எழுதியவர் என்ன நினைத்துக்கொண்டு எழுதினார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

செய்தித்தாள் வராத இடத்தில் பறையடித்தும் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பின்னிணைப்பு சொல்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழகத்தின் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி கலெக்டர்களுக்கு எழுதினார். ஒரு சாதியின் தோளில் மட்டும் தொங்கிய வேலை அது. நிறுத்தச் சொன்னது சரிதான். கல்குவாரி நோட்டீஸுக்கும் அந்த ஒலிபெருக்கி வண்டி வந்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். நடப்பில் நோட்டீஸ் என்பது நாளிதழின் உள்பக்கத்தில், ஏல விளம்பரத்துக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில், பொடி எழுத்தில் இருக்கும் ஒரு கட்டம். புல எண்கள் வரிசையாக இருக்கும். ஊர்க்காரருக்குத் தன் ஊரின் பெயர்தான் தெரியும், புல எண் வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. உள்ளூர் மொழி என்று விதி ஒருமையில் எழுதிவிட்டுப் போய்விட்டது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி இப்படியொரு நோட்டீஸ் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வந்தாக வேண்டும்.

கல்குவாரியைச் சொன்னேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று காதில் விழுந்தால் அது பெரும்பாலும் கிரானைட்டோ சாதாரணக் கல்லோ எடுக்கும் குவாரிக்காகத்தான் இருக்கும். அதற்கும் ஒரு பிறந்த கதை உண்டு. வெகுகாலம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகள் சுற்றுச்சூழல் அனுமதிக்கு வெளியே இருந்தன. பெரிய மலையைச் சின்னச் சின்னக் குத்தகையாகத் துண்டு போட்டால் எல்லாமே ஐந்துக்குள் அடங்கிவிடும். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்தது. சின்னக் குத்தகைக்கும் அனுமதி வேண்டும் என்றது. 2016இல் அமைச்சகம் மாவட்ட அளவில் குழு அமைத்து, 25 ஹெக்டேர் வரை கூட்டம் இல்லாமலே அனுமதி தர வழி செய்தது. 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 5 ஹெக்டேரைத் தாண்டினால் தாக்க அறிக்கையும் மக்கள் கூட்டமும் வேண்டும், பக்கம் பக்கமாக இருக்கும் குவாரிகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றானது. இன்றைக்கு ஒரு சின்னக் குவாரிக்கும் கூட்டம் நடக்கிறதென்றால் காரணம் இந்த இழுபறிதான்.

கூட்டம் இப்படி இருக்கும். கல்யாண மண்டபம் அல்லது குவாரிக்குப் பக்கத்தில் சாமியானா. வாசலில் மேஜை போட்டு வருகைப் பதிவு; பெயர், ஊர், கையெழுத்து. மேடையில் மாவட்ட வருவாய் அலுவலரும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் பொறியாளரும். ஆலோசனை நிறுவனத்து இளைஞர் திரையில் காற்றுத் தரம், ஒலி அளவு, நிலத்தடி நீர் என்று எண்களாகக் காட்டுவார். எல்லாமே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கும். அப்புறம் மைக் ஊருக்கு வரும். வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரிகிறது. டிப்பர் லாரி போகிற ரோட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. மாம்பூவில் தூசி படிந்தால் காய் பிடிக்காது. போர்வெல் வற்றிப்போச்சு. நடுவில் இன்னொருவர் எழுந்து, குவாரி வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும், கோயில் திருப்பணிக்குக் கொடுத்தார்கள், நடக்கட்டும் என்பார். அவரைக் கூட்டிவந்தது யார் என்று பின்வரிசையில் பேச்சு எழும். அவர் சொல்வதும் பொய்யில்லை. வேலை என்பது இந்த வறண்ட மாவட்டத்தில் சின்ன விஷயமா? கேமரா எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருக்கும்.

கூட்டத்தில் முடிவெடுப்பதில்லை. வாக்கெடுப்பும் கிடையாது. இங்கே பேசியது சென்னைக்கோ டெல்லிக்கோ போகும், அங்கே நிபுணர் குழு பார்க்கும். பார்த்ததா என்பதே ஒரு வழக்கானது. கோவா சுரங்கமொன்று தொடர்பான வழக்கில், 2009 நவம்பரில், மக்கள் சொன்ன ஆட்சேபணைகளை ஏன் ஏற்கவில்லை என்பதற்குக் குழு காரணம் எழுத வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கேட்பது என்பது காரணத்தோடு பதில் சொல்வதையும் சேர்த்துத்தான் என்று இங்கே ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, ஓசூரில் இத்தனை ஆலைகள் வருகின்றனவே, அவற்றுக்கெல்லாம் கூட்டம் நடந்ததா என்று கேட்கலாம். அநேகமாக இல்லை, சட்டப்படியே இல்லை. 2006 அறிவிக்கையின் அட்டவணையில் பெயர் இருக்கும் தொழில்களுக்குத்தான் இந்த நடைமுறை. ஸ்கூட்டர் ஆலை அதில் இல்லை, செல்போன் பாகம் செய்யும் ஆலை இல்லை, மாங்கூழ் ஆலையும் இல்லை. பெரிய கட்டடம் என்ற வகையில் உள்ளே வந்தாலும், கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கூட்டத்திலிருந்து விலக்கு. அட்டவணையில் இருக்கிற ரசாயன ஆலையே ஆனாலும், முறைப்படி அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வந்தால் தனிக் கூட்டம் வேண்டாம். பேட்டைக்கு ஒருமுறை கேட்டாயிற்று, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் எதற்கு என்பது வாதம். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பேட்டைக்கு அனுமதி கேட்கும்போது உள்ளே யார் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் விரிவாக்கம் மக்கள் கூட்டமில்லாமல் போனது அது சிப்காட் தொழிற்பேட்டைக்குள் வருகிறது என்ற இந்தக் காரணத்தால்தான். 2018 மே 22, 23 தேதிகளில், ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 23 அன்றே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கத்துக்குத் தடை போட்டு, மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதாவது கேட்பார்களா? 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் அதற்கொரு மக்கள் கூட்டத்தையும் கொண்டுவந்தது. தமிழ்நாடு தொழிற்பேட்டைகளுக்குத் தன்னுடைய 1997ஆம் ஆண்டுச் சட்டத்தையே வைத்துக்கொண்டது. அதில் அந்த மதிப்பீடு கிடையாது. 2019இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. உத்தனப்பள்ளிப் பக்கத்து விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று 2023இல் ரோட்டில் உட்கார்ந்ததற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. கூட்டம் போட்டுக் கேட்காத ஊர் தானே கூட்டம் போட்டுக்கொள்கிறது.

இந்த வட்டாரமே கண்ட இன்னொரு உதாரணம் கெயில் குழாய். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயுக் குழாய், தமிழ்நாட்டில் ஏழு மாவட்டங்கள் வழியாக 310 கிலோமீட்டர். கடைசி மாவட்டம் கிருஷ்ணகிரி. பெர்ஜர் கேட்டதும் எரிவாயுக் குழாயைப் பற்றித்தான், இதுவும் அதுதான். இங்கே பயன்பட்டது 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டம். நிலம் உன்னுடையதுதான், பயன்படுத்தும் உரிமை மட்டும் எங்களுக்கு என்கிறது அந்தச் சட்டம். ஆட்சேபணைக்கு 21 நாள். குழாய் போன பாதையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. நிலத்து மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் மரம் வைக்காதே என்றால் அவருக்கு மிச்சம் என்ன? எதிர்ப்பு வலுத்து, 2013 மார்ச்சில் தமிழக அரசு ஏழு மாவட்ட விவசாயிகளையும் கோவைக்கு அழைத்துக் கேட்டது. அந்த மாதமே முதல்வர் ஜெயலலிதா, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. மாநில அரசு கேட்டது, முடிவும் எடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் மாநிலம் அப்படிக் கேட்பதற்கு எடையே இல்லை.

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், மத்திய அமைச்சகம் புதிய வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. 30 நாள் நோட்டீஸை 20 நாளாகக் குறைக்கும் யோசனை அதில் இருந்தது. நோட்டீஸைப் பற்றிய அந்த நோட்டீஸே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. லட்சக்கணக்கில் ஆட்சேபணைகள் போய்க் குவிந்தன. வரைவு வரைவாகவே நின்றது. அந்த 10 நாளுக்கு இவ்வளவு பேர் எழுதினார்களே என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கூட்டம் வேண்டாம் என்று ஒரு சின்னத் திருத்தம் வந்திருந்தது. அது நிற்கவில்லை, அமலுக்கே வந்துவிட்டது. டெல்டாவில்தான் அதன் சத்தம் கேட்டது.

இனி காவேரிப்பட்டினத்தின் தனிச் சங்கடம். இந்த ஊர் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, எல்லை தாண்டி ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் அங்கே மதகிலிருந்து வெள்ளை நுரை பொங்கி ரோட்டை மறைப்பதை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டிவிட்டன. அதே தண்ணீர் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, அப்புறம் நம் ஊருக்கு வருகிறது. தாக்க அறிக்கையோ வழக்கமாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தைத்தான் படிக்கிறது. திட்டத்தின் நிலப்பரப்பு இரண்டு மாநிலத்தில் கால் வைத்தால் இரண்டிலும் கூட்டம் நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. கழிவு இரண்டு மாநிலத்தில் ஓடினால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை. மாநில எல்லைக்குப் பக்கத்தில் வரும் திட்டங்களை மாநிலக் குழுவிடம் விடாமல் டெல்லியே பார்க்க வேண்டும் என்று 2006இல் எழுதியது நல்ல யோசனைதான். அந்தத் தூரம் முதலில் 10 கிலோமீட்டர். 2014 ஜூனில் ஐந்தாகச் சுருங்கியது. இரண்டு மாநிலங்களும் ஒத்துக்கொண்டால் அதையும் எடுத்துவிடலாம் என்று நடுவில் ஒரு சலுகை. ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே இந்த ஐந்து கிலோமீட்டர் ஒரு பஸ் டிக்கெட்டின் தூரம். தென்பெண்ணையின் உபநதியான மார்க்கண்டேய ஆற்றில் யார்கோளில் கர்நாடகம் கட்டிய அணை குடிநீருக்கானது. 2006 அட்டவணையில் இருப்பது மின்சார அணையும் பாசன அணையும்தான்; அதனால் இந்த நடைமுறைக்குள் அது வரவில்லை. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் அந்த மனுவும் தள்ளுபடியானது.

ஆனாலும் 2006 அறிவிக்கையில் அதிகம் பேர் பார்க்காத ஒரு வாசல் இருக்கிறது. கலந்தாய்வுக்கு இரண்டு பகுதிகள் என்கிறது அது. உள்ளூர் மக்களுக்கு நேரடிக் கூட்டம். அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவில் அக்கறைக்குக் காரணமுள்ள மற்ற யாரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். ஊர், தாலுகா, மாநிலம் என்ற எல்லை அதற்கு இல்லை. ஓசூரில் வரும் ரசாயன ஆலைக்குக் காவேரிப்பட்டினத்து விவசாயி எழுதலாம். அத்திப்பள்ளியில் வருவதற்கும் கர்நாடக வாரியத்துக்கு எழுதலாம். எழுதியதற்கு விண்ணப்பதாரர் தன் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டத்துக்கே போகிறவருக்கும் அதிகம் பேர் கேட்டு வாங்காத ஓர் உரிமை உண்டு. கூட்டம் முடியும்போது, யார் என்ன கேட்டார்கள், கம்பெனி என்ன பதில் சொன்னது என்ற நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே, உள்ளூர் மொழியில், எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இந்த வாசிப்பு எளிதில் நழுவிவிடும். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து, "ஐயா, எழுதினதைப் படிங்க" என்று கேட்டால் படித்துத்தான் ஆக வேண்டும். தான் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லலாம்.